ஷிப்ட் பார்க்கிற நர்ஸுக்கு ‘கவுச் டு ஃபைவ் கே’ ஒத்துவருமா?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஐந்துக்கு நாலு நட்சத்திரம். சோபாவில் கிடப்பவரை ஐந்து கிலோமீட்டர் ஓட வைக்கிற, பைசா கேட்காத ஒரு ஓட்டத் திட்டத்துக்கு இவ்வளவு நீள விமர்சனமா என்று கேட்பீர்கள். இதைப் பற்றி எழுதியவர்களில் நான் படித்தவர்கள் எல்லாரும் காலையில் வேலைக்குப் போய், சாயங்காலம் வீடு திரும்பி, ராத்திரி ராத்திரியாகவே தூங்குகிற பாக்கியசாலிகள். ஒரு வாரம் காலை, ஒரு வாரம் மதியம், அப்புறம் நைட் என்று மாறி மாறி உருளுகிற ஒரு ஸ்டாஃப் நர்ஸ் இதில் இறங்கினால் என்ன ஆகும் என்று எழுதியவர் ஒருவரையும் நான் பார்க்கவில்லை. நான் நாகர்கோவில் பக்கம் ஒரு தனியார் ஆஸ்பத்திரி ஐசியூவில் இருக்கிறேன். ஆஸ்பத்திரி பேர் வேண்டாம்.

ஜாஷ் கிளார்க் என்ற அமெரிக்கர் 1996-ல், ஐம்பதைத் தாண்டிய தன் அம்மாவையும் ஓட வைக்கலாம் என்று போட்ட கணக்கு இது. பிற்பாடு இங்கிலாந்தின் அரசு மருத்துவ சேவையான என்ஹெச்எஸ் இதை எடுத்து, ஆப் ஆகவும் ஆடியோவாகவும் இலவசமாகக் கொடுத்தது. என் கைக்கு வந்ததும் அந்த வழியாகத்தான். நம் மாவட்டத்தில் எந்தத் தெருவில் கேட்டாலும் வெளிநாட்டில் ஒரு நர்ஸ் இருப்பார் இல்லையா, எங்கள் வீட்டுக்கு அது என் சித்தி மகள். வழக்கமான என் ஞாயிற்றுக்கிழமைப் புலம்பலை போனில் கேட்டுவிட்டு, "அக்கா, நீ சொல்றதக் கேட்டு எனக்கே மூச்சு முட்டுது, ஒரு நிமிஷம் ஓடு, ஒன்றரை நிமிஷம் நட, அவ்வளவுதான்" என்று அனுப்பி வைத்தாள்.

அவ்வளவுதான் என்றாள், உண்மையில் முதல் வாரம் அவ்வளவுதான். ஐந்து நிமிஷம் வேகநடை, அப்புறம் 60 விநாடி ஓட்டம், 90 விநாடி நடை, இதையே மாற்றி மாற்றி 20 நிமிஷம். வாரத்துக்கு மூன்று முறை, நடுவில் ஒரு நாளாவது ஓய்வு. ரெண்டாவது வாரம் ஓட்டம் 90 விநாடி, நடை 2 நிமிஷம். இப்படி ஏறிக்கொண்டே போய், ஒன்பதாவது வாரத்தில் நடையே இல்லாமல் 30 நிமிஷம் ஓடுவீர்கள். அந்த 30 நிமிஷத்தில் ஐந்து கிலோமீட்டர் வந்துவிடும் என்று பேரில் இருக்கிறதே, அதை நம்ப வேண்டாம். எனக்கு வரவில்லை, வராததால் எந்தக் குறையும் இல்லை. 30 நிமிஷம் மூன்று முறை என்றால் 90 நிமிஷம். வாரத்துக்குக் குறைந்தது 75 நிமிஷம் தீவிர உடற்பயிற்சி வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020-ல் சொன்ன அளவை அதுவே தாண்டிவிடுகிறது. தூரத்தைப் பார்க்காமல் நேரத்தைப் பார்ப்பதுதான் இந்தத் திட்டத்தின் நல்ல குணம்.

ஆப் இங்கிலீஷில் பேசும். பிரபலங்களின் குரலில் நம்மைத் தட்டிக்கொடுக்கும். எனக்கு அந்தத் தட்டிக்கொடுப்பு ஒத்துவரவில்லை. யாராவது காதுக்குள் "நீங்க அருமையா செய்றீங்க" என்றால் நோயாளியின் சொந்தக்காரர் ஏதோ காரியம் சாதிக்கப் பேசுவது போலவே தோன்றுகிறது. அதனால் வாராவாரம் நிமிஷக் கணக்கை ரோஸ்டர் (டியூட்டி அட்டவணை) தாளின் பின்பக்கம் எழுதிக்கொண்டு, போனில் ஒரு இன்டர்வல் டைமர் வைத்துக்கொண்டேன். இங்கிலீஷ் தடையாக இருக்கிறவர்களுக்கும் இந்த வழியே போதும், திட்டம் முழுக்க எண்கள்தான்.

இனி எல்லாரும் கேட்கிற கேள்வி. எங்கள் இன்சார்ஜ் சிஸ்டர் கேட்டார், "வார்டுல ஓடுறது உனக்குப் பத்தலையா?" நியாயமான கேள்விதான். ஒரு ஷிப்டில் பெட்டுக்கும் மருந்து அலமாரிக்கும் லேபுக்கும் நடக்கிற நடையைக் கூட்டினால் பெரிய கணக்கு வரும். ஆனால் அந்த நடையில் நாலு எட்டு வைப்பதற்குள் நிற்கிறோம், குனிகிறோம், 80 கிலோ மனிதரைப் புரட்டிப் போடுகிறோம், மறுபடி நிற்கிறோம். கால் நரம்பு புடைக்குமே தவிர, இதயம் தொடர்ந்து அரை மணி நேரம் ஒரே சீராக வேலை செய்கிற வாய்ப்பு அதில் கிடையாது. வேலையில் உடம்பு அசைவதும் ஓய்வு நேரத்தில் நாமாக அசைவதும் உடம்புக்குத் தருகிற பலன் ஒன்றல்ல என்று டென்மார்க் ஆராய்ச்சியாளர்கள் பல வருஷமாகச் சொல்லி வருகிறார்கள். முக்கியமாக, வார்டு ஓட்டத்தில் எப்போது நிற்பது என்பது நம் கையில் இல்லை.

சரி, ஷிப்டுக்கு வருகிறேன். இந்த விமர்சனமே அதற்காகத்தான்.

திட்டம் ‘வாரம்’ என்று சொல்வதைக் காலண்டர் வாரமாக எடுத்துக்கொண்டால் நர்ஸ் யாரும் மூன்றாவது வாரத்தைத் தாண்ட மாட்டார்கள். திங்கள், புதன், வெள்ளி என்று நாம் குறித்து வைப்போம், செவ்வாய்க்கிழமை ஒருத்தி லீவு போடுவாள், புதன்கிழமை நமக்கு டபுள் டியூட்டி விழும். அதனால் வாரம் என்பதை ‘மூன்று ஓட்டம்’ என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அந்த மூன்று ஓட்டம் ஏழு நாளில் முடிந்தாலும் சரி, பன்னிரண்டு நாள் பிடித்தாலும் சரி, முடிந்த பிறகு அடுத்த வாரத்துக்குப் போங்கள். நடுவில் நீண்ட இடைவெளி விழுந்துவிட்டால் முந்தின வாரத்தை மறுபடி ஒரு முறை ஓடிவிட்டு மேலே போகலாம். இப்படிப் போனதில் எனக்கு ஒன்பது வாரத் திட்டம் ஒரு மழைக்காலத்தையே தின்றுவிட்டது, ஆனாலும் முடிந்தது.

நைட் டியூட்டிதான் பெரிய கேள்வி. காலையில் ஹேண்ட் ஓவர் கொடுத்துவிட்டு அப்படியே ஓடிவிட்டு வீட்டுக்குப் போய்விடலாமே என்று தோன்றும், என்னோடு இருக்கும் சின்னப் பிள்ளைகள் ரெண்டு பேர் அப்படித்தான் ஆரம்பித்தார்கள். என் கட்சி, வேண்டாம். ராத்திரி முழுக்க விழித்த காலுக்கு மேடு பள்ளம் தெரியாது, சாலையில் வண்டியின் வேகமும் சரியாகப் பிடிபடாது. அதோடு காலை வெயில் கண்ணில் அடித்தால் மூளை விடிந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளும், வீட்டுக்குப் போய்ப் படுத்தால் தூக்கம் வராது. வீட்டுக்கு வந்து, திரையை இழுத்துவிட்டு, போனை அமர்த்திவிட்டு முதலில் தூங்க வேண்டும். நாலு மணிக்கு எழுந்து, ரெண்டு மட்டிப்பழமும் பால் விடாத ஒரு கட்டஞ்சாயாவும் போட்டுக்கொண்டு, ஐந்தரைக்கு ஓடினால் அடுத்த நைட்டுக்கு ஆளும் விழித்திருப்பாள். தொடர் நைட்டில் ஒரு ஓட்டம் போதும். நைட் முடிந்து வரும் ஆஃப் நாளில் ஓட்டம் கிடையாது, அது தூக்கத்துக்கான நாள், அதில் யாரும் கை வைக்கக் கூடாது.

மதியம் டியூட்டி வாரம் ஓடுகிறவருக்குத் தங்கம். காலை முழுக்க நம்முடையது. காலை டியூட்டி வாரத்தில் சாயங்காலம் ஓடலாம், ஆனால் சமையலும் பிள்ளைகளின் ஹோம்வொர்க்கும் அதே நேரத்துக்குக் காத்திருக்கும். வீட்டில் ஒருத்தர் அந்த நாற்பது நிமிஷத்தைப் பார்த்துக்கொள்ளாவிட்டால் எந்தத் திட்டமும் நடக்காது. எங்கள் வீட்டில் மாமியார் பார்த்துக்கொண்டார், அவருக்குத் தனியாக ஐந்து நட்சத்திரம்.

ஐந்தாவது வாரத்தைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும், நான் ஒரு நட்சத்திரம் குறைத்தது அதற்குத்தான். அந்த வாரம் முதல் ஓட்டம் 5 நிமிஷம் மூன்று முறை, நடுவே 3 நிமிஷம் நடை. ரெண்டாவது, 8 நிமிஷம் ரெண்டு முறை, நடுவே 5 நிமிஷம் நடை. மூன்றாவது, நடையே இல்லாமல் 20 நிமிஷம். எட்டிலிருந்து ஒரே தாவலில் இருபது! நிறையப் பேர் இதை மனத்தடை என்றும் உடம்பு தயார்தான் என்றும் சொல்கிறார்கள். நன்றாகத் தூங்கியவருக்கு அது உண்மையாக இருக்கலாம். நைட் வாரத்தில் இந்த ஓட்டம் வந்து மாட்டினால் உடம்பு தயாராக இல்லை என்பதுதான் உண்மை. என் யோசனை, நடுவில் 10 நிமிஷம் ரெண்டு முறை, அப்புறம் 15 நிமிஷம் ஒரு முறை என்று நீங்களே ரெண்டு படி கட்டிக்கொள்ளுங்கள். இதில் வேடிக்கை என்னவென்றால் 20 நிமிஷத்தை ஓடி முடித்த பிறகு ஆறாவது வாரத்தில் திட்டமே மறுபடி 5, 8, 5 என்று இறங்கி, நடையையும் திருப்பிக் கொடுக்கிறது. அந்த இறக்கத்தை முன்னாலேயே வைத்திருக்கலாம்.

வேகத்தைப் பற்றி ஒரே விதி, ஓடிக்கொண்டே ஒரு முழு வாக்கியம் பேச முடிய வேண்டும். முடியவில்லை என்றால் வேகம் அதிகம். எனக்கு அந்த வேகம் எது என்றால், வாக்கிங் வருகிற ரிட்டயர்டு வாத்தியார் என்னைத் தாண்டிப் போகிற வேகம். போகட்டும்.

எங்கே ஓடுவது? நம் மாவட்டத்தில் நடைபாதை என்று ஒன்றைத் தேடிக் கண்டுபிடிப்பதற்குள் ஓட்டமே முடிந்துவிடும். தேசிய நெடுஞ்சாலை ஓரத்தைக் கனவிலும் நினைக்காதீர்கள். வடசேரி அண்ணா விளையாட்டு அரங்கம் பாதுகாப்பானது, வெளிச்சமும் ஆள் நடமாட்டமும் இருக்கும், காலை நேரத்தில் கூட்டமும் இருக்கும். எனக்குப் பிடித்தது சானல் கரைதான், அதாவது வாய்க்கால் கரை. பார்வதிபுரம் பக்கம் அனந்தனார் சானல் கரையில் மண் காலுக்கு மெத்தென்று இருக்கிறது, தென்னை நிழல் இருக்கிறது, தண்ணீர் திறந்துவிட்ட மாதங்களில் காற்றும் குளிர்ச்சி. மழை பெய்தால் அதே மண் வழுக்கும், சில இடங்களில் குப்பை மூக்கைப் பிடிக்க வைக்கும், எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும் அல்லவா. நைட்டுக்குப் பின் வராத மற்ற ஆஃப் நாளில் சொத்தவிளை அல்லது சங்குத்துறை கடற்கரை. அலை நனைத்துப் போன ஈர மணலில் ஓடுங்கள், உலர்ந்த மணலில் ஓடினால் கெண்டைக்கால் மறுநாள் மாடிப்படியில் பாட்டுப் பாடும். கரை சரிந்திருக்கும், அதனால் போகும்போது ஒரு கால் தாழ்ந்தால் வரும்போது மறு கால் தாழும்படி வந்த வழியே திரும்புங்கள்.

திட்டத்தை எழுதியவர்களுக்கு நம் புழுக்கம் தெரியாது. கடல் காற்றின் ஈரத்தில் வியர்வை காயாது, உடம்புச் சூடு இறங்காது. காலை ஏழுக்கு முன்னால் அல்லது சாயங்காலம் ஐந்தரைக்குப் பின்னால், நடுவில் வேண்டாம். அரை மணி நேர ஓட்டத்துக்கு ஓஆர்எஸ்ஸோ கடையில் விற்கிற கலர் தண்ணியோ வேண்டியதில்லை, சாதாரணத் தண்ணீர் போதும், சீசனில் அக்கானி (பதநீர்) கிடைத்தால் அது தனி சுகம். ஜூனிலிருந்து தென்மேற்கு மழை, அக்டோபரிலிருந்து வடகிழக்கு மழை என்று நமக்கு ரெண்டு பருவமும் கொட்டும். ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கம் இருக்கிறவர்களுக்கு ஆடிக் காற்றும் சேர்த்து. காற்றாலை சுற்றுகிற காற்றில் எதிர்த்து ஓடினால் நிமிஷக் கணக்கைப் பாதியாக்கிக்கொள்ளலாம், தப்பில்லை.

நாய். ஆமாம், நாய் தொல்லை உண்டு. ஓடுகிறவரைத் துரத்தும், நின்றால் பெரும்பாலும் அதுவும் நின்றுவிடும். கடித்தால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிஷம் கழுவிவிட்டு அன்றைக்கே போய் ஊசி போடுங்கள். முதல் ஊசி போடும் நாளை 0 என்று வைத்து, 0, 3, 7, 28 என்ற அந்த நாலு நாள் கணக்கை நாமே எத்தனையோ பேருக்கு எழுதிக் கொடுத்திருப்போம், நமக்கு என்று வரும்போது "சின்ன கீறல்தானே" என்று விடுகிற ஆள்களும் நாம்தான்.

நாயைவிடப் பெரிய தொல்லை மனிதர்கள். கேலி செய்தார்கள் என்று சொல்ல மாட்டேன். நர்ஸ் ஓடினால் ஊருக்கு ஒரே அர்த்தம்தான். முதல் வாரம் சானல் கரை முக்கில் ஒரு பாட்டி வழிமறித்து, "ஏ மக்களே, யாருக்கு என்ன ஆச்சு?" என்றார். யாருக்கும் ஒன்றும் இல்லை பாட்டி, சும்மா ஓடுறேன் என்றேன். நம்பவில்லை. எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார், ஆம்புலன்ஸ் வருகிறதா என்று. இப்போது பழகிவிட்டது, "இன்னிக்கு மெதுவாட்டுல்லா போற" என்று குறை சொல்கிறார். சுடிதார் டாப்பும் டிராக் பேண்ட்டும் போதும், துப்பட்டாவை வீட்டில் வைத்துவிடுங்கள், நல்ல ஸ்போர்ட்ஸ் பிராவுக்கு மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம்.

ஷூ: டியூட்டி ஷூவில் ஓடாதீர்கள், அது நிற்பதற்குச் செய்தது. சாயங்காலம், ஷிப்ட் முடிந்து கால் வீங்கியிருக்கும் நேரத்தில் போய் வாங்குங்கள், கால் பெருவிரலுக்கு முன்னால் கைக் கட்டைவிரல் அகலம் இடம் இருக்க வேண்டும். அவ்வளவுதான், பிராண்டைப் பற்றி சண்டை போட எனக்கு நேரமில்லை.

இப்போது மனசுக்கு வருகிறேன். எரிந்து தீர்ந்துபோகிற அந்த நிலையை, அதாவது பர்ன்அவுட்டை, உலக சுகாதார நிறுவனம் 2019-ல் ஏற்ற நோய்ப் பட்டியலில் வேலை சம்பந்தப்பட்ட நிலை என்றுதான் சேர்த்திருக்கிறது. நோய் என்று சேர்க்கவில்லை. மூன்று அடையாளம் சொல்கிறது: சக்தி வற்றிப்போவது, வேலை மேல் ஒரு விலகலும் வெறுப்பும் வருவது, நம்மால் ஒன்றும் உருப்படியாக முடியவில்லை என்று தோன்றுவது. எனக்கு ரெண்டாவதுதான் முதலில் வந்தது. பெட் நம்பரைச் சொல்லிப் பேசப் பேச ஆளின் பேர் மறந்துபோவது.

ஓட்டம் இதில் என்ன செய்தது என்று நேர்மையாகச் சொல்கிறேன். தூக்கம் ஆழமானது, அது நிச்சயம். பிள்ளைகளிடம் எரிந்து விழுவது குறைந்தது என்று வீட்டில் சொல்கிறார்கள். இன்னொன்று நான் எதிர்பாராதது. ஒரு ராத்திரி இதயம் நின்றுபோன நடுவயது ஆள் ஒருவருக்கு நெஞ்சை அழுத்தி சிபிஆர் கொடுத்தோம், மாற்றி மாற்றி நாங்கள் மூன்று பேர், ஆள் பிழைக்கவில்லை. அடுத்த ஓட்டத்தில் கவனித்தேன், காலடியை எண்ணிக்கொண்டே போகிறேன், முப்பது வந்ததும் எண்ணிக்கை நிற்கிறது, ரெண்டு மூச்சு, மறுபடி ஒன்றிலிருந்து. முப்பது அழுத்து, ரெண்டு மூச்சு என்று படித்த காலத்திலிருந்து கையில் ஊறிய கணக்கு. நெஞ்சை நிமிஷத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்த வேண்டும், அந்தத் தாளம் காலுக்கு வந்து உட்கார்ந்துகொண்டது. நின்று, சானல் மதகில் உட்கார்ந்து, நன்றாக அழுதேன். ஷிப்டில் அழ நேரம் கிடையாது, பக்கத்து பெட்டுக்கு ஆறு மணி மருந்து இருந்தது. வீட்டில் அழுதால் எல்லாரும் பயந்துவிடுவார்கள். அந்த அழுகைக்கு ஓர் இடமும் நேரமும் தனியாகக் கிடைத்ததே பெரிய விஷயம். பத்து நிமிஷம் கழித்து மீதி ஓட்டத்தை நடந்தே முடித்தேன். அதையும் ஓடியதாகவே கணக்கில் எழுதிக்கொண்டேன்.

இதையெல்லாம் படித்துவிட்டு எந்த நிர்வாகமாவது "பார்த்தீர்களா, ஓடினால் சரியாகிவிடும்" என்று சர்குலர் அடிப்பதற்கு முன் ஒன்று சொல்லிவிடுகிறேன். முன்பு நான் இருந்த ஓர் இடத்தில், காலை டியூட்டி முடிந்து பையைத் தோளில் மாட்டி நிற்கிற எங்களைப் பிடித்து உட்கார வைத்து, மன உறுதியை வளர்ப்பது எப்படி என்று ஒன்றரை மணி நேரம் வகுப்பு எடுத்தார்கள். அன்றைக்கு ஐசியூவில் வென்டிலேட்டர் நோயாளிகள் மூன்று பேருக்கு ஒருத்திதான் ஓடிக்கொண்டிருந்தாள், ஒருவருக்கு ஒருவர் இருக்க வேண்டிய இடத்தில். உச்ச நீதிமன்றம் சொல்லி 2016-ல் அமைத்த குழு, 50 படுக்கைக்குக் குறைந்த தனியார் ஆஸ்பத்திரியில்கூட நர்ஸ் சம்பளம் 20,000-க்குக் கீழே போகக் கூடாது, 200 படுக்கைக்கு மேல் என்றால் அரசு நர்ஸுக்குச் சமமாக இருக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. அதில் எவ்வளவு நம் கைக்கு வந்தது என்று உங்கள் சம்பளச் சீட்டைப் பாருங்கள். ஆள் போடுவது, சம்பளம் கொடுப்பது, லீவு கொடுப்பது, இந்த மூன்றையும் ஓட்டம் செய்யாது. ஓடி ஓடி இன்னும் ரெண்டு டபுள் டியூட்டி தாங்குகிற உடம்பைத் தயார் பண்ணுவதற்காக நான் ஓடவில்லை. இதில் நான் ரொம்பத் தெளிவு, யாரும் என் ஓட்டத்தை ரோஸ்டரில் சேர்க்க வேண்டாம்.

யாருக்கு வேண்டாம்? பிரசவம் முடிந்து சில மாதமே ஆனவர்கள் டாக்டரிடம் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். மாடி ஏறினாலே மூச்சு வாங்குகிறவர்கள் முதலில் ஹீமோகுளோபின் பாருங்கள், அடுத்தவர் ரத்தத்தை ராத்திரி பகல் எடுக்கிற நமக்கு நம்முடையது எவ்வளவு என்று தெரியாது. நெஞ்சு வலி, தலைசுற்றல் வந்தால் அங்கேயே நிறுத்திவிட வேண்டும் என்று நர்ஸுக்குச் சொல்லத் தேவையில்லை, இருந்தாலும் சொல்கிறேன், நம் ஆள்கள் மற்றவருக்குத்தான் நர்ஸ். முழங்காலுக்குக் கீழே எலும்பு ஓரம் முழுக்க வலித்தால் ஓட்டத்தைக் குறைத்து ஓய்வு கொடுத்தால் சரியாகும். ஒரே ஒரு புள்ளியில் தொட்டால் துள்ளுகிற வலி என்றால் ஓடக் கூடாது, எலும்பு டாக்டரைப் பாருங்கள்.

பார்வதிபுரம் பக்கம் யாராவது நர்ஸ் இருந்தால், மதியம் டியூட்டி வாரங்களில் காலை ஆறு மணிக்கு சானல் கரையில்தான் இருப்பேன். ஒன்றாவது வாரத்திலிருந்து வந்தாலும் பரவாயில்லை, நான் 60 விநாடிக்குக் காத்திருப்பேன். நாய்க்குப் பயப்படாத ஆளாக இருந்தால் இன்னும் நல்லது, நான் பயப்படுவேன்.